காலியான வீட்டில் விளக்கேற்றப் போகாதே

என் கண்ணுக்கு,

உன் கடிதம் நேற்று, சந்தைக்குப் போய் வந்த ஆள் கையில் கிடைத்தது. உன் அப்பா வாசலிலேயே நிற்க வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். உங்கள் ஊரில் எலி செத்து விழ ஆரம்பித்துவிட்டது, பிளேக் வரப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. ‘ஊரை விட்டுக் கொல்லைக்காட்டுக்கு வந்து கொட்டாய் போட்டுக்கொண்டோம், எல்லோரும் சுகம், பாப்பா கன்றுக்குட்டியோடு விளையாடுகிறாள்’ என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. “அதான் வெளிய வந்துட்டாங்களே, இனி என்னா பயம்?” என்று சொல்லி, இன்னும் ஒரு உருண்டை களி போடச் சொன்னார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. கடிதத்தின் அடியில், இடம் போதாமல் பொடி எழுத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ‘சாயந்திரம் மட்டும் நான் ஊருக்குள் போய் வீட்டைப் பெருக்கி விளக்கு வைத்துவிட்டு வருகிறேன்’ என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன் கொழுந்தன் உரக்கப் படிக்கட்டும், உன் மாமனாரும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், அக்கம்பக்கத்துக் கொட்டாய்க்காரர்களும் வந்து நிற்கட்டும். எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன். சம்பந்தியம்மா கோபித்துக்கொள்வார். என் வாய்க்கு உப்புக் காரம் எதுவும் தனியாகப் போட வேண்டியதில்லை என்பது உன் கல்யாணப் பந்தியிலேயே அவருக்குத் தெரிந்த சங்கதிதான். பாயசம் தண்ணீராக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு நான் சொன்ன பதிலை இன்னும் மறந்திருக்க மாட்டார். இந்த முறை பாயசத்துக்காகப் பேசவில்லை என்று அவருக்குச் சொல்.

கொட்டாய் வாழ்க்கை, சின்ன வயதில் நாம் கொல்லையில் இருந்ததுபோலத் திருவிழாவாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அப்போது உனக்கு நாலு வயது. சோளத்தட்டு மறைப்புக்குள் எல்லோரும் வரிசையாகப் படுத்ததும், ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஒன்றாகக் கூடி வரப்பில் ஓடியதும், முனியம்மா சித்தி உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பங்கதிர் நிமிட்டிக் கொடுத்ததும் உனக்கு நினைவிருக்கும். சித்தி காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். எப்படிப் போனாள் என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. உன் அப்பாவின் தம்பி மனைவி அவள், எனக்கு ஓரகத்தி. ஆனால் நான் அவளை அப்படி நினைத்ததே இல்லை. கூடப் பிறந்தவளாகத்தான் வைத்திருந்தேன். இப்போது அவளைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்கு முந்தின வருஷத்தில் ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். அந்த வருஷமும் எலி விழுந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து தண்டோரா போட்டார். ஊரே பயந்து அடித்துப் பிடித்து வெளியே ஓடினோம். ஓடின மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கொட்டாய் ஒழுகி, மூட்டையில் கட்டிக்கொண்டு போயிருந்த கேழ்வரகு முளைவிட்டது. பூட்டின வீடுகளில் ஓடு பிரித்து எவனோ பித்தளைப் பாத்திரமெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். எங்கள் அண்டாவும் போயிற்று. ஆனால் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. திரும்பி வந்து ஈர மூட்டைகளை வாசலில் கொட்டிக் காயவைத்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் வழியில் நின்று, “என்னா கவுண்டரே, எலிக்குப் பயந்து ஊரையே அதுங்களுக்கு எழுதி வச்சிட்டுப் போனீங்களாமே” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் உன் அப்பாவைக் கொஞ்சமா கேலி பண்ணினேன்! அண்டா போன ஆத்திரம் எனக்கு.

அதனால் அடுத்த வருஷம் எலி விழுந்தபோது ஒருவரும் அசையவில்லை. உன் சித்தப்பா குதிருக்குப் பின்னாலிருந்து ஒன்றைக் குச்சியால் தள்ளிக்கொண்டு வந்து தெருவில் போட்டார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “பூன தின்னுட்டு வச்சதா இருக்கும்” என்றார். மறுநாள் அவர் வீட்டிலும் ஒன்று கிடந்தது. அதைச் சத்தமில்லாமல் சாம்பலோடு சேர்த்துக் கொட்டினதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அப்படித்தான் கண்ணு, எல்லோருக்கும் தெரியும், முதலில் வாயைத் திறக்கிறவர் யார் என்றுதான் காத்திருந்தோம். அடுத்த வீட்டுக் கூரையில் புகை வருகிறதா, அவர்கள் வண்டி நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பொழுது போனது. களத்தில் அறுத்த கதிர் கிடந்தது. மாடு வேறு ஈனுகிற நிலை. இன்ஸ்பெக்டர் இந்த முறையும் வந்தார். செத்த எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சி மனுஷர் மேல் ஏறிக் கடித்தால் நோய் ஒட்டிக்கொள்ளும், ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வெளியே போங்கள், நான் சொல்லும்வரை உள்ளே கால் வைக்காதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தினார். “தெள்ளுப்பூச்சி கடிச்சி ஆளு சாவறதுன்னா, நம்மூரு நாயெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமேங்க” என்று ஒருத்தர் சொல்ல, கூட்டமே சிரித்தது. அவரும் வெட்கப்பட்டு அரைகுறையாகச் சிரித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். போன வருஷம் அண்டா போனதற்கெல்லாம் அவர்தான் காரணம் என்பதுபோல எங்களுக்கு ஒரு நினைப்பு.

கடைசியில் மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு, அக்குளில் கட்டி எழும்பிற்று. அப்புறந்தான் ஊர்க் கவுண்டர் மாரியம்மனிடம் பூக்கேட்டுவிடலாம் என்றார். உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். அம்மன் சிலையில் இரண்டு பக்கமும் ஈரப்பூவை ஒட்டவைத்து, வலதுபக்கப் பூ விழுந்தால் போகலாம், இடதுபக்கம் விழுந்தால் போகக் கூடாது. காலையில் உட்கார்ந்தோம். உச்சிப் பொழுது தாண்டியும் ஒரு பூவும் விழவில்லை. நீ என் மடியில் பசித்து அழுகிறாய். உன் அப்பா பொறுமை கெட்டு, “ஆத்தா தூங்கறாளாட்டம் இருக்குது, நாம கெளம்பலாம்” என்று சொல்லி எல்லோரிடமும் வசை வாங்கினார். எனக்கோ அந்தப் பூவைக் கையால் தட்டிவிட்டுவிடலாமா என்று விரல் துடித்தது. பொழுது சாயும் நேரத்துக்கு வலதுபக்கப் பூ விழுந்தது. எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பினோம். அப்போது பூசாரி ஒரு வார்த்தை சொன்னார்: “போங்க, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. ஆனா சாயந்தரம் வெளக்கு மட்டும் நிக்கக் கூடாது. வூட்ட இருட்டுல போட்டுட்டுப் போனா, திரும்பி வரப்ப அவ உள்ள வுட மாட்டா.”

அந்தப் பூசாரியை நான் குறை சொல்லமாட்டேன். கோயில் விளக்கை ஏற்ற அவரும் தினம் ஊருக்குள் போய்க்கொண்டுதான் இருந்தார். எங்களுக்கும் அந்த வார்த்தை இதமாகத்தான் இருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறோமே என்ற உறுத்தல் எல்லோருக்கும் இருந்தது. விளக்கு வைக்க ஒருத்தி போய் வந்தால் வீட்டை விட்டதாகவும் ஆகாது, நோய்க்குப் பயந்து வெளியே வந்ததாகவும் ஆயிற்று. இரண்டு பக்கமும் சரிக்கட்டிவிட்டோம் என்று நினைத்தோம். வீட்டுக்கு ஒருத்தி போக வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் யாரையும் அனுப்பவில்லை. எல்லா வீட்டிலும் தானாகவே அது சின்ன மருமகளின் வேலையாகிவிட்டது. ஆண்கள் மாட்டைப் பார்த்தார்கள், நாங்கள் அடுப்பைப் பார்த்தோம். ஒரு திரியை ஏற்றிவிட்டு வருவது ஒரு வேலையா என்ன?

திரியை மட்டும் ஏற்றிவிட்டு வர முடியாது, உனக்கே தெரியும். பெருக்காத வீட்டில் யார் விளக்கு வைப்பார்கள்? முனியம்மா போனதும் துடைப்பத்தை எடுப்பாள். அறை அறையாகப் பெருக்குவாள், மூலையில் கிடப்பதைக் கூட்டி முறத்தில் வாரிப் போடுவாள், தண்ணீர் தெளிப்பாள், அப்புறம் விளக்கு. நான் கொட்டாய் வாசலில் கூழ் காய்ச்சிக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், வரப்பில் வரும்போதே சிரித்துக்கொண்டு சொல்வாள்: “அக்கா, இன்னிக்கி மூணு பேரு செத்துக் கெடந்தாங்க. எல்லாத்தயும் அடக்கம் பண்ணிட்டுத்தான் வரன்.” எலியைத்தான் சொல்கிறாள். நானும் சிரிப்பேன். அவளுக்கு அங்கே நேரமானதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒருநாள் தலையில் எண்ணெய் பளபளக்க, வகிடெடுத்துப் பின்னிக்கொண்டு வந்தாள். என்னடி இது என்றேன். “தனியா அந்த வூட்டுல நிக்கறப்ப எனக்கே எனக்குன்னு ஒரு வூடு கெடச்சாப்பல இருக்குதுக்கா. கண்ணாடிய எடுத்து வச்சிக்கிட்டு எவ்வள நேரம் வேணும்னாலும் பாக்கலாம், ஏன்னு கேக்க ஒருத்தரும் இல்ல” என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாழிகை அவள் அந்த வீட்டில் தனியாக நின்றதில்லை, பாவம். எனக்கு அது புரிந்தது. அதனால்தான், நீ எழுதின வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீயும் அலுத்துக்கொண்டு எழுதவில்லை. ஆசையாகத்தான் போய் வருகிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. மாமியார், நாத்தனார், கொழுந்தன், குழந்தை எல்லோரும் ஒரே கொட்டாயில் முட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காலி வீட்டில் கொஞ்ச நேரம் மூச்சு விடலாமே என்று போகிறாய். நான் உன் அம்மா, எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் முனியம்மா போய் வந்ததும் தலை வலிக்கிறது என்று படுத்தாள். மறுநாள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது, தொடையிடுக்கில் கட்டி. நீ எப்போதும் அவள் பக்கத்தில்தான் படுப்பாய். உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு கொட்டாயில் போட்டேன். சித்தி வேண்டும் என்று நீ அழுத அழுகை அவள் காதில் விழுந்திருக்கும். “புள்ளய இங்க வுடாதக்கா” என்று அவளே சொன்னாள். அதற்கப்புறம் அவள் பேசினதெல்லாம் பிதற்றல்தான். இன்னும் பெருக்கவில்லை, பொழுது போய்விட்டது, விளக்கு வைக்கணும் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். உன் சித்தப்பா கையைப் பிடித்துப் படுக்க வைத்துக்கொண்டே இருந்தார். அவள் போனாள். அந்த வாரத்தில் ஊரில் செத்துப்போன பெண்கள் எல்லோரும் விளக்கு வைக்கப் போனவர்கள்தான். அது எங்களுக்கு உறைக்கவே சில நாளாயிற்று. உறைத்த அன்றைக்கு உன் அப்பா எங்கள் வீட்டுப் பூட்டைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டார். பொழுது சாய்ந்ததும் கொட்டாய் வாசலில் ஒரு அகலை ஏற்றி வைத்து, “ஆளுங்க இருக்கற எடத்துலதான் வெளக்கு. யாராச்சும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு” என்றார். மழை நின்று, வெயில் ஏறி, இன்ஸ்பெக்டர் வந்து சொன்ன பிறகுதான் பூட்டை உடைத்து உள்ளே போனோம். கூரை ஓடுகளைப் பிரித்து நாள் முழுக்க வெயில் காட்டினோம். அம்மன் எங்களை உள்ளே விடாமல் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் உன் தம்பி பிறந்தான், உன் கல்யாணம் நடந்தது, என்ன குறைந்துபோயிற்று?

சம்பந்தியம்மா, இப்போது உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். உங்களுக்கு வீட்டின் மேல் இருக்கிற பற்று எனக்கும் உண்டு. மண்ணெண்ணெய் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் நல்லெண்ணெய் ஊற்றி விளக்கு வைக்கிறீர்கள் என்றால் அது பக்தியில்தான். அந்த எண்ணெயைக் கொட்டாயில் ஊற்றுங்கள். சம்பந்தி ராத்திரியில் ஊருக்குள் அந்த வீட்டிலேயே படுத்து, கேழ்வரகு கொட்டிவைத்த குழிக்குக் காவல் இருக்கிறாராமே, அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். குழியை மூடி மண் போட்டுவிட்டால் எவனும் அவ்வளவு சுலபத்தில் தோண்டிவிட மாட்டான், தோண்டினாலும் போகட்டும். என் அண்டா போன கதையைச் சொன்னேன் அல்லவா, அண்டா இல்லாமலும் இத்தனை வருஷம் சோறு பொங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊசி போட ஆள் வந்தால் எல்லோரும் கையை நீட்டுங்கள். காய்ச்சல் வரும், கை வீங்கும், அவ்வளவுதான். ஒன்றும் நடக்காமல் திரும்பி வீட்டுக்குப் போகும்படி ஆகி, எலிக்குப் பயந்தவர்கள் என்று யாராவது சிரித்தால், நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.

கண்ணு, நான் இவ்வளவு எழுதியும் உன்னால் அங்கே வாய் திறக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் அவர் அம்மாவுக்கு எதிராகப் பேசி நான் பார்த்ததில்லை. உன் அப்பாவிடம் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்துக் காட்டினேன். முதலில் படித்தபோது அது அவர் காதில் ஏறவே இல்லை. இந்த முறை கேட்டதும், தட்டில் இருந்த களியை மாட்டுத் தொட்டியில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டார். பொம்மிடியில் இருக்கும் உன் தாய்மாமாவுக்கு ஆள் விட்டு வண்டியோடு வரவழைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் அவர்தான். வண்டி உங்கள் கொல்லை ஓரத்தில் நிற்கும். உன்னையும் பாப்பாவையும் ஏற்றாமல் திரும்பாதே என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை வந்தால் அவரையும். மூட்டை முடிச்சு எதுவும் வேண்டாம், தானியம் ஒரு பிடி கூட ஏற்றாதே. கட்டியிருக்கும் துணியையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்துக் கட்டிக்கொண்டு வா. சம்பந்தியம்மா தடுத்தால் சண்டை போடு. போட்டுவிட்டு வா. பின்னால் நான் வந்து அவர் காலில் விழுந்து சமாதானம் பண்ணிக்கொள்கிறேன், அது என் பாடு.

எலி விழுந்த ஊரிலிருந்து வருகிறவர்களை நம் ஊருக்குள் சேர்க்க முடியாது என்று ஊர்க் கவுண்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம். அதனால் ஊருக்கு வெளியே நம் மேட்டுக் கொல்லையில் கொட்டாய் போட்டாயிற்று. நோய் இல்லை என்று தெரியும்வரை நீயும் குழந்தையும் அதில்தான் இருக்க வேண்டும், உள்ளே வந்து உங்களோடு இருப்பவர் யாராக இருந்தாலும் அவரும் ஊருக்குள் திரும்பக் கூடாது, சோறு வரப்பில் வைத்துவிட்டுப் போவார்கள் என்று பேச்சு. யார் இருப்பது என்று கவுண்டர் கேட்டார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். “அவ இன்னும் கெளம்பவே இல்ல, நீ இப்பவே போயி என்னாத்துக்கு ஒக்காந்துக்கினு இருக்கற?” என்று உன் அப்பா கேட்கிறார். வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை, வேறென்ன சொல்ல? இந்தக் கடிதத்தை இங்கே, காற்றில் தாள் பறக்காமல் முழங்காலில் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். மறைப்புக் கட்டின சோளத்தட்டு இன்னும் பச்சை வாசம் அடிக்கிறது. மூன்று பேர் நீட்டிப் படுக்கலாம், நான் படுத்துப் பார்த்துவிட்டேன். பதில் எழுதாதே கண்ணு, வண்டியில் ஏறு.

உன் அம்மா